வீடு முழுக்க ஒரே தரையா, அறைக்கு ஒரு தரையா?

கேள்வி

வீட்டு வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. பெரிய அளவு டைல், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, வாசலில் ஆரம்பித்துக் குளியலறை வரைக்கும் அதையே போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அறைக்கு ஒரு வகை என்பதெல்லாம் வியாபாரத் தந்திரம் என்பது என் கட்சி. தரை என்றால் தரைதானே? மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜனவரி 9, இரவு

"குளியலறை வரைக்கும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பகீர் என்றது. எங்கள் வீட்டுக் குளியலறையில் நான் முதலில் போட்டதும் அப்படிப்பட்ட பளபள டைல்தான். கடையில் செருப்புக் காலோடு, காய்ந்து கிடந்த மாதிரித் துண்டின்மேல் ஏறி நின்று பார்த்து, "வழுக்கவில்லையே" என்று வாங்கினேன். குளியலறையில் யார் செருப்போடு, காய்ந்த தரையில் நிற்கிறார்கள்? மூன்றாவது மாதம் அம்மா வழுக்கி விழுந்து கையை ஊன்றினார். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரத்தில் ஒருமுறைகூட டைலைக் குறை சொல்லவில்லை. "நான்தான் பார்த்துக் கால் வைத்திருக்கணும்" என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே என் கட்சி நேரெதிர்: அறைக்கு ஒரு தரை. கூடத்துக்கு விட்ரிஃபைடு டைல், படுக்கையறைக்கு மரம், சமையலறைக்கு கிரானைட், குளியலறைக்குச் சொரசொரப்பான சின்ன டைல். தரை தரைதான். அதன்மேல் என்ன கொட்டும், யார் எந்தக் காலோடு நடப்பார்கள் என்பது அறைக்கு அறை வேறு.

ஜனவரி 10

"டைல் பெட்டியில் வழுக்காத தன்மைக்கு ஆர் 9 என்று போட்டிருக்கிறது, 13க்கு 9 என்றால் நல்ல மதிப்பெண்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். அந்த வரிசை ஒன்றில் தொடங்குவதில்லை, 9இல்தான் தொடங்குகிறது. ஆர் 9 என்பது கடைசி பெஞ்சு.

டிஐஎன் 51130 என்ற ஜெர்மன் தரநிலையிலிருந்து வந்த எண் அது. டைல் பதித்த பலகையில் எண்ணெய் பூசி, காலணி போட்ட ஒருவரை முன்னும் பின்னும் நடக்கவிட்டு, பலகையின் சாய்வைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எத்தனை பாகைச் சாய்வில் அவர் கால் நிற்கவில்லையோ அதை வைத்து எண். 6 முதல் 10 பாகை வரை தாக்குப்பிடித்தால் ஆர் 9. 10 முதல் 19 வரை ஆர் 10. 19 முதல் 27 வரை ஆர் 11. 35ஐத் தாண்டினால் ஆர் 13.

கவனித்தீர்களா, காலணி! வெறுங்காலுக்கு வேறு சோதனை இருக்கிறது, டிஐஎன் 51097. அதில் சோப்புத் தண்ணீர், வெறும் பாதம். மதிப்பு ஏ, பி, சி என்று மூன்றே எழுத்து, சிதான் உயர்வு. குளிக்கும் இடத்துக்கு வாங்கும்போது ஆர் எண்ணைக் கேட்காதீர்கள், இந்த எழுத்தைக் கேளுங்கள். பி இருந்தால் வாங்கலாம். கடைக்காரருக்கு அது தெரியாவிட்டால் டைலைக் கீழே வைத்து, தண்ணீரும் கொஞ்சம் ஷாம்புவும் ஊற்றி, யாரையாவது பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நின்று பாருங்கள். கடையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஜனவரி 10, மறுபடியும்

அதற்காக வீடு முழுக்க ஆர் 12 போடக் கிளம்பிவிடாதீர்கள். என் மைத்துனர் செய்தார். வாகனம் நிறுத்தும் இடத்துக்கான டைலைச் சமையலறையில் போட்டார். வழுக்கவே வழுக்காது. துடைக்கவும் வராது. துடைப்பத் துணியின் நூல் ஒவ்வொன்றாகப் பிய்ந்து தரையில் ஒட்டிக்கொள்ளும், எண்ணெய்ப் பிசுக்கு பள்ளங்களில் இறங்கிக் கறுத்துவிடும். இப்போது பல் தேய்க்கிற மாதிரி பிரஷ் வைத்துத் தேய்க்கிறார்.

ஜனவரி 15

செராமிக், விட்ரிஃபைடு, போர்சலின் எல்லாம் ஒன்றா என்ற கேள்விக்கு. மூன்றும் சுட்ட மண்தான். வித்தியாசம், உடம்பு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதில். தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் குடிக்காதது விட்ரிஃபைடு, அதையே போர்சலின் என்றும் சொல்கிறார்கள். சுவருக்கான செராமிக் டைல் 10 சதவீதத்துக்கும் மேல் குடிக்கும். கடையில் பட்டியலைத் தேட வேண்டாம். டைலைக் கவிழ்த்து அதன் முதுகில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றுங்கள். சுவர் டைல் என்றால் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகும், அந்த இடம் ஈரமாகக் கறுக்கும். விட்ரிஃபைடு என்றால் முத்து மாதிரி நிற்கும்.

பனி உறையும் ஊர்களில் திறந்த பால்கனிக்கு இந்த எண் உயிர்நாடி. குடித்த தண்ணீர் உள்ளேயே உறைந்து விரிந்து டைலைத் தோலுரித்துவிடும்.

சுவருக்கு வாங்கி மிஞ்சிய டைலைப் பொருள் வைக்கும் அறைத் தரையில் ஒட்டிய மேதாவியும் நான்தான். ஒரே ஒரு இரும்பு அலமாரியை இழுத்தேன். மேல் பளபளப்பு சில்லு சில்லாகப் பெயர்ந்து, அடியில் செங்கல் நிற மண் தெரிந்தது. இரண்டு அடி நீளத்துக்குச் சிவப்புக் கோடு. அதன்மேல்தான் இன்றும் மிதியடி கிடக்கிறது.

மேற்பூச்சு தேயுமா என்பதற்குத் தனி எண், பிஇஐ. 1 முதல் 5 வரை. வீட்டுக்குள் 3 போதும், வாசல் பக்கம் 4 நல்லது. மேற்பூச்சு இல்லாத டைலுக்கு இந்த எண்ணே கிடையாது. அதைக் கேட்டுக் கடைக்காரரைத் திணறடிக்க வேண்டாம். ஃபுல் பாடி என்றால் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். டபுள் சார்ஜ் என்றால் மேலே மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு நிறம். ஜிவிடி, அதாவது மேற்பூச்சுப் போட்ட விட்ரிஃபைடு என்றால் அச்சடித்த மெல்லிய தோல். ஒரு கனமான பொருள் மூலையில் விழுந்து சில்லு தெறிக்கும்போதுதான் இந்த மூன்றின் வித்தியாசம் கண்ணில் படும்.

ஜனவரி 23

மார்பிள் பற்றிக் கேட்டவருக்கு. அழகுதான், மறுக்கவில்லை. எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் வெள்ளை மார்பிள் இருந்தது. ஒருநாள் சோபாவுக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு தடம், டம்ளரின் அடிப்பாகம் அளவுக்கு. நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாயங்கால வெளிச்சம் சாய்ந்து விழும்போது மட்டும் மங்கலாக, மெருகு செத்துப்போன வளையம். கறை என்று நினைத்து மூன்று நாள் தேய்த்தேன். போகவில்லை. அப்புறம் கழிப்பறை கழுவும் அமிலத்தில் இரண்டு சொட்டு விட்டேன். சுருசுருவென்று நுரைத்தது. வளையம் போய்விட்டது, அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்புப் பரப்பு.

மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் கல்லே கரையும். அது கறை அல்ல, அரிப்பு. கறை என்றால் உள்ளே இறங்கிய ஏதோ ஒன்று, வெளியே இழுக்கலாம். அரிப்பு என்றால் மேலே இருந்த ஏதோ ஒன்று இப்போது இல்லை, எதை எடுப்பீர்கள்? மறுபடி மெருகேற்றுவதுதான் வழி.

இன்னொன்று, மண். மோஸ் கடினத்தன்மை அளவில் மார்பிளில் உள்ள கால்சைட் 3. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. செருப்போடு உள்ளே வரும் ஒவ்வொரு மணலும் சின்ன உளி. நடைபாதை மட்டும் மங்கி, சோபாவுக்கு அடியில் புத்தம் புதிதாக இருப்பதன் ரகசியம் அதுதான். மார்பிள் போட ஆசைப்பட்டால் வாசலுக்கு வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டு மிதியடி போடுங்கள்.

ஜனவரி 24

9ஆம் தேதி "சமையலறைக்கு கிரானைட்" என்று ஏதோ தீர்ப்பு மாதிரி எழுதிவிட்டுப் போயிருக்கிறேன். கொஞ்சம் பின்வாங்குகிறேன். அமிலத்துக்கு அசையாது, கீறலுக்கும் அசையாது, சரி. எண்ணெய்க்கு அசையும். குறிப்பாக வெளிர் நிற கிரானைட். அடுப்புக்கு முன்னால் என் காலடி நிற்கும் இடத்தில் பெரிய ஈரத் திட்டு மாதிரி ஒன்று இருக்கிறது. ஈரம் இல்லை, குடித்த எண்ணெய். எண்ணெய் உள்ளே இறங்காமல் தடுக்கும் சீலர் பூச்சு அடித்திருக்க வேண்டும், அடிக்கவில்லை. தண்ணீர்த் துளி விட்டுப் பார்த்து, பத்து நிமிடத்தில் அந்த இடம் கறுத்தால் சீலர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கல் தரையில் கண்ணாடி விழுந்தால் பிழைக்காது. தட்டும் பிழைக்காது. போன வருடம் ஒன்று மட்டும் பிழைத்தது, அது பிளாஸ்டிக்.

பிப்ரவரி 4

இனி மரம். முதலில் ஒரு வாக்குமூலம். "படுக்கையறைக்கு மரம்" என்று எழுதினேன் அல்லவா, எங்கள் வீட்டில் இருப்பது மரம் இல்லை, லேமினேட். மர மாதிரி அச்சடித்த காகிதத்தை அழுத்திய மரத்தூள் பலகைமேல் ஒட்டி, அதன்மேல் கெட்டியான பிசின் தோல் போட்டது. 1977இல் ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் கண்டுபிடித்து, பெர்கோ என்ற பெயரில் விற்ற சரக்கு. விருந்தாளிகள் "என்ன மரம்?" என்று கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

காலுக்கு இதமாக இருக்கிறது என்பது உண்மை. "மரம் சூடு, டைல் குளிர்" என்கிறோம், ஆனால் ஒரு வெப்பமானியை இரண்டின்மேலும் வைத்துப் பார்த்தேன், ஒரே அளவுதான் காட்டியது. டைலும் கல்லும் உள்ளங்காலின் சூட்டை வேகமாக உறிஞ்சிக்கொள்கின்றன, மரம் மெதுவாக. மரத்தைவிட மார்பிள் பத்து மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். வெயில் ஊர்க்காரருக்கு அதுவே வரம், குளிர் ஊர்க்காரருக்குச் சாபம். தரைக்கு அடியில் சூடேற்றும் குழாய் போடும் வீடுகளில் கதை தலைகீழ். அங்கே டைல்தான் ராஜா. மரத் தரை என்றால் மேற்பரப்பு 27 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு வைப்பார்கள்.

லேமினேட்டின் எமன் தண்ணீர். ஜன்னலோரம் வைத்திருந்த பூந்தொட்டியின் தட்டு நிரம்பி, யாரும் பார்க்காமல் ஒரு வாரம் கசிந்திருக்கிறது. தொட்டியை நகர்த்தினால், பலகைகள் சேரும் இடமெல்லாம் குளவி கொட்டிய உதடு மாதிரி உப்பிக்கிடந்தது. காய்ந்தால் வற்றும் என்று மின்விசிறி வைத்தேன். வற்றவில்லை. உள்ளே இருப்பது மரத்தூள், ஒருமுறை ஊதினால் ஊதினதுதான். ஐந்து பலகை மாற்ற வேண்டியதாயிற்று.

இரண்டாவது தவறு என்னுடையது இல்லை, போட்டவருடையது. சுவரோரம் இடைவெளி விடவில்லை. மர வகை எல்லாமே காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். சுவரைச் சுற்றி 8 முதல் 10 மில்லிமீட்டர் விட்டு, அதைச் சுவரடிப் பட்டையால் (ஸ்கர்ட்டிங்) மறைக்க வேண்டும். எங்களுக்கு விடாததால் முதல் மழைக்காலத்தில் அறை நடுவே தரை கூடாரம் மாதிரி எழும்பியது. மேலே நடந்தால் படகில் நடப்பது போல. சுவரோரம் வெட்டிவிட்டதும் ஒரே இரவில் படுத்துக்கொண்டது.

பிப்ரவரி 5

"அசல் தேக்கு போட்டால் கீறலே விழாது, அவ்வளவு கெட்டி" என்று ஒருவர். தேக்கின் பெருமை கெட்டியில் இல்லை. அதில் உள்ள எண்ணெயும், ஈரத்துக்கு அதிகம் வளையாத குணமும்தான் அதன் சொத்து. ஜாங்கா சோதனை என்று ஒன்று உண்டு. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பாதி ஆழம் வரை மரத்தில் அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். சிவப்பு ஓக் 1290 பவுண்டு, மேப்பிள் 1450. தேக்கு இந்த இரண்டுக்கும் கீழே.

பிப்ரவரி 5, இரவு

என் மகன் காலுறை போட்டுக்கொண்டு லேமினேட்டில் ஓடிவந்து சறுக்கி நிற்கும் விளையாட்டுக்கு எந்த ஆர் எண்ணிலும் இடமில்லை. நாய் வளர்ப்பவர் ஒருவர் தன் நாய்க்கும் அதே கதி என்கிறார்.

பிப்ரவரி 19

இவ்வளவு பேசியும் முக்கியமானதை விட்டுவிட்டேன். மேலே என்ன போடுவது என்பதற்கு முன்னால், அடியில் என்ன இருக்கிறது?

தரைத்தளத்து அறை ஒன்றில் வினைல், அதாவது பிளாஸ்டிக் தரை விரிப்பு, ஒட்டினேன். நான்கே மாதத்தில் அங்கங்கே அப்பளம் மாதிரிக் கொப்புளம். குத்திப் பார்த்தால் தண்ணீர். கீழிருந்து ஓதம் ஏறியிருக்கிறது. டைல் போட்டிருந்தால் இணைப்புகளின் வழியே கொஞ்சமாவது ஆவியாகிப் போயிருக்கும், மிஞ்சிப் போனால் உப்பு பூத்திருக்கும். வினைல் மூடி போட்ட பாத்திரம் ஆயிற்றே.

முன்கூட்டியே பார்க்க வழி இருக்கிறது. 18 அங்குலச் சதுரத்துக்கு ஒரு பாலித்தீன் தாளை வெட்டி, சிமெண்ட் தரைமேல் நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். உரித்துப் பார்க்கும்போது தாளின் அடியில் முத்து முத்தாக நீர் இருந்தாலோ, சிமெண்ட் கறுத்திருந்தாலோ, மரமும் வினைலும் இப்போதைக்கு வேண்டாம். தாள் காய்ந்திருந்தாலும் அதை மட்டும் நம்பி ஒட்டாதீர்கள், ஈரம் ஆழத்தில் பதுங்கியிருக்கலாம். ஈரமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடியில் போட்ட சிமெண்ட் தளம் புதிது என்றால் காத்திருப்பும் உண்டு. காற்றோட்டம் நன்றாக இருந்தால் தளக் கலவை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் காயும் என்பது கணக்கு. 50 மில்லிமீட்டர் கனத்துக்கு 50 நாள். அதற்கு மேல் கனம் போனால் இன்னும் மந்தம். மேலே வெள்ளையாகக் காய்ந்து நிற்பதை நம்பாதீர்கள். கேள்வி கேட்டவர் "அடுத்த வாரம் தரை போடுகிறோம்" என்று எழுதியிருக்கிறார். தளம் எப்போது போட்டீர்கள்?

மார்ச் 12

போன வாரம் பக்கத்து வீட்டில் டைல் வேலை. வேடிக்கை பார்க்கப் போனவன் சண்டை மூட்டிவிட்டு வந்தேன்.

டைலின் முதுகில் நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு உருண்டை கலவை வைத்து, கவிழ்த்து, ரப்பர் சுத்தியால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடுத்ததற்குப் போனார்கள். வேகம் பிரமாதம். ஆனால் உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவே வெற்றிடம். நாணயத்தால் தட்டினால் ஒரு இடத்தில் "டக்", பக்கத்தில் "டொப்". அந்த டொப்பின்மேல் என்றாவது ஒரு நாள் கட்டில் கால் வந்து நிற்கும், டைல் குறுக்கே வெடிக்கும். காய்ந்த அறைகளில் டைலின் முதுகில் 80 சதவீதமாவது, ஈரம் படும் இடங்களில் 95 சதவீதமாவது கலவை பிடித்திருக்க வேண்டும். பல் கரண்டியால் கலவையை ஒரே திசையில் வரிவரியாக இழுத்து, பெரிய டைல் என்றால் முதுகிலும் மெல்லியதாகத் தடவி ஒட்ட வேண்டும். அதைச் சரிபார்க்க ஒரே வழி, ஒட்டிய ஈரத்தோடு ஒன்றைப் பெயர்த்துப் பார்ப்பது. மேஸ்திரி முறைப்பார். பெயர்க்கச் சொல்லுங்கள்.

மரப் பலகை மாதிரி நீள டைல் வாங்கியவர்களுக்கு ஒன்று. செங்கல் வரிசை மாதிரிப் பாதிக்குப் பாதி தள்ளிப் போடாதீர்கள். சூளையில் வேகும்போது நீள டைல் நடுவில் லேசாக வில் மாதிரி வளையும். பாதிக்குப் பாதி வைத்தால் ஒன்றின் உச்சி பக்கத்துடையதன் தாழ்வான முனைக்கு நேராக வந்து கால்விரலை இடிக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளாமல் இருந்தால் தப்பிக்கலாம்.

"இடைவெளியே தெரியக் கூடாது" என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள். டைல்களுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர் துண்டு வைத்து, அந்த இடுக்கில் கிரவுட் என்ற கலவையை அடைத்தால் அசிங்கம் ஒன்றும் இல்லை. ஒட்டி ஒட்டிப் போட்ட தரை வெயிலில் விரிய இடமில்லாமல் இரண்டு டைல் கூரை மாதிரி நிமிர்ந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சத்தம் பட்டாசு மாதிரி.

மார்ச் 13

வெள்ளை கிரவுட் வேண்டவே வேண்டாம். காரணம் கேட்காதீர்கள், என் சமையலறைக்கு வந்து பாருங்கள். எபாக்சி என்ற பிசினால் ஆன கிரவுட் கறை பிடிக்காது, ஆனால் போடும்போதே துடைத்து முடிக்க வேண்டும். இறுகிவிட்டால் உளிதான்.

ஏப்ரல் 27

நான் வினைல் என்று சொல்வதை ஒருவர் லினோலியம் என்றே எழுதிக்கொண்டிருக்கிறார். இரண்டும் வேறு. லினோலியம் ஆளிவிதை எண்ணெய், மரத்தூள், தக்கைத்தூள் கலந்து சணல் துணிமேல் பரப்பியது. இங்கிலாந்தின் பிரெடரிக் வால்டன் 1860களில் காப்புரிமை வாங்கிய பொருள். பெயரே லத்தீனில் ஆளிச் செடியும் எண்ணெயும் சேர்ந்தது. வினைல் என்பது பிவிசி, முழுக்க பிளாஸ்டிக்.

வினைல் வாங்கும்போது மொத்தக் கனத்தைக் காட்டி மயக்குவார்கள். தேய்மான அடுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். வீட்டுக்கு 0.3 மில்லிமீட்டர் போதும், ஆள் நடமாட்டம் அதிகம் என்றால் 0.5. சில பெட்டிகளில் "12 மில்" என்று இருக்கும். அது மில்லிமீட்டர் இல்லை, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 12 மில் என்றால் அதே 0.3 மில்லிமீட்டர்தான். 12 மில்லிமீட்டர் என்று நினைத்து ஒருவர் எனக்குப் போன் செய்து சந்தோஷப்பட்டார்.

அப்புறம், ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடியை வினைல்மேல் போடாதீர்கள். வழுக்கக் கூடாது என்று அம்மாவுக்காக நான்தான் வாங்கிப் போட்டேன். எட்டு மாதம் கழித்துத் தூக்கினால், மிதியடியின் அச்சு அப்படியே மஞ்சளாக, அடியில் இருந்த புள்ளி வடிவம் உட்பட. ரப்பரில் இருக்கும் வேதிப்பொருள் வினைலுக்குள் இறங்கி நிறத்தை மாற்றிவிடுகிறது. தேய்த்தால் போகாது. அது மேலே இல்லை.

பழைய வீடு வாங்கியவர் கேட்டதற்கு மட்டும் விளையாட்டில்லாமல் ஒரு பதில்: பல பத்தாண்டுகளுக்கு முந்தைய 9 அங்குலச் சதுர வினைல் அல்லது தார் டைல் தரையில் இருந்தால் சுரண்டவோ, உடைக்கவோ, இயந்திரம் வைத்துத் தேய்க்கவோ வேண்டாம். அந்தக் காலத்து டைலிலும் அதன் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பது சாதாரணம். ஆய்வுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. உடையாமல் கிடந்தால் மேலே வேறு தரை போட்டு மூடிவிடுவதும் உண்டு.

ஜூன் 8

ஐந்து மாதமாக "அறைக்கு ஒரு தரை" என்று கத்திக்கொண்டிருந்தேன். இப்போது முக்கால்வாசி வாபஸ்.

அம்மா மறுபடி தடுக்கினார். விழவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை குளியலறையில் இல்லை, கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போகும் வாசலில். கூடத்து டைல் ஒரு உயரம், லேமினேட் அதைவிடச் சில மில்லிமீட்டர் தாழ்வு, இரண்டையும் இணைக்க நான் வைத்த அலுமினியப் பட்டை மேடாக ஒரு கோடு. எனக்குக் கண்ணில்கூடப் படாத உயரம். காலை இழுத்து நடப்பவருக்கு அது படிக்கட்டு. எங்கள் வீட்டில் இப்படி எத்தனை பட்டை என்று அன்றைக்குத்தான் எண்ணினேன். ஐந்து. அறைக்கு ஒரு தரை என்றால் வாசலுக்கு ஒரு தடுக்கல் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாருக்கும் சொல்லவில்லை. தானாகத் துடைக்கும் அந்த வட்ட இயந்திரமும் அதே இடத்தில்தான் தினமும் மாட்டிக்கொண்டு அழும். அதைப் பார்த்தாவது புரிந்திருக்க வேண்டும்.

ஆக, கேள்வி கேட்டவரே, காய்ந்த அறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே தரை, ஒரே மட்டம் என்ற உங்கள் கட்சிக்கு வந்துவிட்டேன். பளபளப்பு மட்டும் வேண்டாம், மினுக்காத மேட் டைல் போடுங்கள். குளிர் ஊர் என்றால் காலுக்கு ஒரு விரிப்பு போட்டுக்கொள்ளலாம், ஆனால் அதன் ஓரமும் தடுக்கும், நாலு மூலையும் தரையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். குளியலறையில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அதை இப்போது மொத்தமாகப் பெயர்த்துப் போட்டுவிட்டோம். பெயர்த்தபோதுதான் தெரிந்தது, அடியில் நீர்த்தடுப்புப் பூச்சே கிடையாது. டைலையும் கிரவுட்டையும் நம்பி விட்டிருக்கிறார்கள். சிமெண்ட் கிரவுட் தண்ணீரை உள்ளே விடும். இந்த முறை பூச்சு அடித்து, வடிகாலை அடைத்து, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கீழே கசிகிறதா என்று பார்த்த பிறகுதான் டைல். வாட்டம் ஓரடிக்குக் கால் அங்குலம். டைல் இரண்டு அங்குலச் சதுரம். பெரிய டைல் வடிகாலை நோக்கி நாலு பக்கமும் சரியாது, வெட்டித்தான் சரிக்க வேண்டும். சின்ன டைல் வாட்டத்தோடு தானாக வளைந்து போகும். கிரவுட் கோடுகள் நிறைய இருப்பதால் கால் பிடிப்பும் கூடும். வேலை முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றிவிட்டு நின்று பார்த்தேன். ஒரு இடத்தில் மட்டும் உள்ளங்கை அளவு தேங்கியது. மேஸ்திரி "காய்ந்துவிடும்" என்றார். அம்மாவின் மணிக்கட்டை நினைத்துக்கொண்டு, பெயர்க்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 2

எத்தனை டைல் கூடுதலாக வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகப் போட்டால் 10 சதவீதம், மூலைவாட்டில் போட்டால் 15. எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண் ஒன்றுதானா என்று இறக்கும்போதே பாருங்கள். ஒரே பெயர், ஒரே நிறம் என்று சொல்லி வரும், பேட்ச் மாறினால் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது காட்டிக்கொடுக்கும். மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். குளியலறையில் அந்தத் தேங்கிய இடத்தைப் பெயர்த்தபோது எனக்குக் கைகொடுத்தது மிஞ்சிய பெட்டிதான்.

அந்தப் பெட்டி இப்போது அம்மாவின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மேலே பேட்ச் எண்ணை மார்க்கரில் பெரிதாக எழுதி வைத்திருந்தேன். அம்மா அதை மேஸ்திரியின் போன் நம்பர் என்று நினைத்து இரண்டு தடவை அழைத்துப் பார்த்திருக்கிறார்.